மணலில் கட்டின நூல்

உட்காருங்க ஆசாரி. அந்தப் பக்கம் வேணாம், அந்தச் சுவர் நேத்துப் பூசினது, முதுகெல்லாம் வெள்ளையாயிடும். இந்தக் கல்லு மேல உட்காருங்க. ரெண்டு மாசம் கப்பல்ல ஆடின உடம்பு, இன்னும் ரெண்டு நாளைக்குத் தரையும் ஆடற மாதிரிதான் இருக்கும். எனக்கும் இருந்துது. ஏழு வருஷம் ஆச்சு, இப்ப எதுவும் ஆடறதில்ல.

ராயப்பன் மேஸ்திரி எங்கேன்னு கேட்டதும் காட்டிட்டாங்க இல்ல? காட்டுவாங்க. இந்த மஸ்கரைத் தீவுல நாங்க வந்து இறங்கினப்ப என்னா இருந்துது? ஓலைக் கொட்டாய் நாப்பது, எலி நாலாயிரம். பிராஞ்சுக்காரன் சிப்பாயிங்க கூட மண்ணுலதான் படுத்தாங்க. இப்பப் பாருங்க. அந்தச் சரக்குக் கிடங்கு நம்ம கை. அதோ ஆஸ்பத்திரி, அதுவும் நம்ம கை. துரை வீட்டு முன்சுவரைத் தடவிப் பாருங்க, அப்படியே வழுக்கும். கடுக்காய் கிடைக்காத ஊருல, கோழி முட்டைக்கே வழியில்லாத ஊருல, ஆமை முட்டையை உடைச்சு ஊத்தி அந்தச் சாந்தை அரைச்சேன் நான். புதுச்சேரியில எந்த மேஸ்திரிக்கு அது தோணும்? என் பெரியப்பா மகன் அங்க பெரிய மேஸ்திரின்னு சுத்தறானே, அவனுக்குத் தோணுமா? அவன் கீழ பன்னெண்டு வருஷம் வேலை செஞ்சேன். ஒரு மூலைக்கல்லு வைக்க விட்டதில்ல என்னை.

சரி, அதை விடுங்க. நீங்க வந்த விஷயத்துக்கு வரேன்.

ஞானப்பூ நல்லா இருக்காளா? என் கூடப் பொறந்தவ அவ ஒருத்திதான். இளைச்சுட்டாளா? இளைப்பா. அவ பொண்ணு, எலிசம்மான்னு பேர் வச்சதா சொல்லி அனுப்பினாங்க, அதுக்கு ஏழு வயசு ஆகப்போகுதா? நாங்க கப்பல் ஏறறப்ப வயித்துல இருந்துது.

அவ சொன்னதை இன்னொரு தரம் சொல்லுங்க. அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க.

"அவர் இருக்கறாரா இல்லையா, அண்ணன் வாயால ஒரு வார்த்தை வாங்கி இந்தக் கப்பல்லயே சொல்லி அனுப்புங்க. அண்ணன் எது சொன்னாலும் நான் நம்புவேன்."

அப்படியேவா சொன்னா?

நான்தான் ரெண்டு தரம் எழுதி அனுப்பியிருக்கேனே. கப்பல்ல வந்த எழுதத் தெரிஞ்ச ஆளைப் பிடிச்சு, உட்கார வச்சு, சோறு போட்டு எழுதி வாங்கினேன். மாப்பிள்ளை அருளப்பன் சுகம், வேலை முடியலை, முடிஞ்சதும் வருவான்னு. அது போதாதாமா அவளுக்கு?

ஓகோ. அவளைப் பொண்ணு கேட்டு வந்திருக்காங்களா. யாரு, காளவாய் மிக்கேலா? பொண்டாட்டி செத்தவன்தானே. நல்லவன்தான், தெரியும், சுண்ணாம்பை நல்லா வேக வைப்பான். சாமியார் என்னா சொல்றாரு? புருஷன் செத்தது உறுதியா தெரியாம கோயில்ல கல்யாண ஓலை வாசிக்க முடியாதுங்கறாரா? சரியாத்தானே சொல்றாரு. இவளுக்கு என்னா அவசரம்? அடுத்தவங்க வீட்டுல நெல்லு குத்தறான்னு நீங்க சொல்றீங்க. நான் ஒருத்தன் இருக்கறப்ப அவ எதுக்கு நெல்லு குத்தணும்? ம். நான் இங்க இருக்கேன், அவ அங்க இருக்கா. அதுவும் வாஸ்தவம்தான்.

அந்தப் பொட்டலம் என்னா? அவருக்கா, அருளப்பனுக்கா? கொடுங்க, நான் வாங்கி வைக்கறேன். பிரிச்சா ஒண்ணும் தப்பில்ல, மச்சானும் மாப்பிள்ளையும்தானே.

நூலு. அவளே நூத்திருக்கா. மூணு புரி போட்டு முறுக்கி, மஞ்சள் தடவி அனுப்பியிருக்கா. இந்த ஊரு உப்புக் காத்துல நூல் இத்துப் போகும்னு யாரோ சொல்லியிருக்காங்க போல. கொத்தன் பொண்டாட்டி, எது வேணும்னு தெரிஞ்சு அனுப்பியிருக்கா.

கேளுங்க ஆசாரி. எதையும் மறைக்கற ஆளில்ல நான். நடந்ததைச் சொல்றேன், நீங்களே சொல்லுங்க யார் மேல தப்புன்னு. முகத்தை மட்டும் அப்படி வச்சுக்காதீங்க.

பதினோரு பேரைக் கூட்டிட்டு வந்தேன் நான். வீடு வீடா நான்தான் போய்க் கேட்டேன். மூணு வருஷம் வேலை, அப்புறம் கப்பல்ல திரும்பக் கொண்டாந்து விடுவாங்கன்னு துரைங்க சொன்னாங்க, நானும் அதைத்தான் சொன்னேன். கடல் தாண்டறதுக்கு எல்லாரும் பயந்தாங்க. ராயப்பன் வரானா, அப்ப வரோம்னுதான் வந்தாங்க. எங்க வேலையில அப்படித்தான். கூலி கொடுக்கறவன் யாரா வேணா இருக்கட்டும், ஆளுங்க வாக்குக் கொடுக்கறது மேஸ்திரிகிட்டதான். மேஸ்திரி வாய்தான் அத்தனை பேருக்கும் வாய். வெளியாள் முன்னாடி மேஸ்திரி பேச்சை மறுத்து ஒருத்தன் பேசமாட்டான்.

அருளப்பன் வரமாட்டேன்னுதான் சொன்னான். ஞானப்பூவுக்கு அஞ்சு மாசம். நான்தான் போய் அவ முன்னாடி உட்கார்ந்து, "மூணு வருஷம்மா. உன் புருஷனை என் கையால கொண்டாந்து இந்த வாசல்ல விடறேன்"னு சொன்னேன். அவன் இல்லாம நான் எப்படி வர்றது? தூக்குக்குண்டு பிடிக்கறதுல அவனை மாதிரி ஒருத்தன் கிடையாது. பேசமாட்டான். வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரியே இருப்பான். ஆனா அவன் ஏத்தின சுவர்ல ஒரு நூல் சாய்வு பார்க்க முடியாது.

இங்க வந்து மூணு வருஷம் என்னா பாடுபட்டோம்னு நினைக்கறீங்க? கல்லு முழுக்கக் கருங்கல்லு. சுண்ணாம்புக்குக் கடல்ல இறங்கிப் பவளப்பாறையை வெட்டிக் கொண்டாரணும். பக்கத்து மலகாசித் தீவுலேருந்து பிடிச்சாந்த அடிமைங்கதான் வெட்டுவாங்க, பாவம், காலெல்லாம் கிழிஞ்சு ரத்தமா வருவாங்க. புயல் ஒரு தரம் வந்து பாதிக் கிடங்கைப் பேர்த்துட்டுப் போச்சு, மறுபடியும் அஸ்திவாரத்துலேருந்து. காய்ச்சல்ல மூணு பேர் போயிட்டாங்க. பதினொண்ணு எட்டாச்சு. அருளப்பன் மட்டும் ஒரு பலகையில மாசத்துக்கு ஒரு கோடு போட்டுக்கிட்டே வந்தான். முப்பத்தாறு கோடு. கப்பல் வந்தப்ப முப்பத்தேழாவது கோடு போடப்போறான்.

கப்பல் வந்த மறுநாள் துரை என்னைக் கூப்பிட்டு அனுப்பினாரு. ஆஸ்பத்திரி அரைச்சுவர்ல நிக்குது, நீங்கல்லாம் போயிட்டா யார் முடிக்கறது, இன்னும் மூணு வருஷம் இருங்கன்னாரு. ஆளுங்க சம்மதிச்சா மொத்தத் தீவுக்கும் உன்னைத் தலைமை மேஸ்திரியா வைக்கறேன், ஓடை பக்கத்துல உனக்கு ஒரு நிலம், அதுல கல்லு வீடு கட்டிக்கோன்னாரு. ஆனா நல்ல மனுஷன் ஆசாரி, சும்மா சொல்லக்கூடாது. வலுக்கட்டாயம் வேணாம்னுட்டாரு. நாளைக்குக் கடற்கரையில எல்லாரையும் நிக்க வை, போக இஷ்டப்படறவன் ஒரு பக்கம், இருக்க இஷ்டப்படறவன் ஒரு பக்கம், நான் என் கண்ணால பார்த்துக்கறேன்னாரு. வேற எந்தத் துரை அப்படிக் கேட்பாரு?

நான் என்னா சொன்னேன்? சரிங்கன்னேன். அந்த நிலத்துக்கும் மறுநாள் நடந்ததுக்கும் சம்பந்தமில்ல. அதை முதல்லயே சொல்லிடறேன்.

மறுநாள் காலையில கடற்கரைக்குப் போனோம். எட்டுப் பேரும் மூட்டை கட்டித் தோள்ல போட்டுட்டு வந்தாங்க. அருளப்பன் தலையில எண்ணெய் வச்சு வாரியிருந்தான். மூணு வருஷத்துல அவன் தலை வாரி நான் பார்த்ததில்ல. ஒரு சிப்பாய் குச்சியை வச்சு மணல்ல கோடு கிழிச்சான். கோடா அது, மாடு ஒண்ணுக்குப் போன மாதிரி. கிழிச்ச கையோட காத்து அடிச்சு அழிச்சுது. மறுபடியும் கிழிச்சான், மறுபடியும் அழிஞ்சுது. எனக்குப் பொறுக்கலை. கோணலைப் பார்த்துட்டுச் சும்மா இருக்கற கண்ணில்ல இது. என் மடியிலேருந்து நூலை எடுத்தேன். ஒரு முனையைப் பாறை ஓரமா முளை அடிச்சுக் கட்டினேன். இன்னொரு முனையை நான் கையில பிடிச்சுக்கிட்டுத் தண்ணி ஓரமா வந்து நின்னேன். ஆளுங்க ஊர்ப்பக்கம் நின்னாங்க. கப்பல் படகு எதிர்ப்பக்கம் நின்னுது. போறவன் நூலைத் தாண்டிப் படகுப் பக்கம் வரட்டும், இருக்கறவன் அங்கயே நிக்கட்டும். துரை என் தோள்ல தட்டினாரு.

இப்ப ஒண்ணு சொல்றேன். நீங்க மரவேலைக்காரர், உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. எங்க வேலையில ஒரு பழக்கம் உண்டு. சுவருக்கு நூல் கட்டிட்டா அந்த நூலை ஒருத்தன் தாண்டமாட்டான். முழங்கால் உசரம்கூட இருக்காது, நடக்கப் பழகற குழந்தை தாண்டிடும். ஆனா தாண்டமாட்டாங்க. மேஸ்திரி நூலை இறக்கினா உண்டு, இல்லன்னா சுத்திக்கிட்டுப் போகணும். நூல் கட்டியாச்சுன்னா அங்க சுவர் நிக்குதுன்னு கணக்கு. தாண்டினவன் கை வச்ச சுவர் நிக்காதும்பாங்க. என் பெரியப்பா காலத்துல ஒருத்தன் ஏதோ நினைப்புல தாண்டிட்டான். பெரியப்பா ஒரு வார்த்தை திட்டலை. நூலை அவிழ்த்து மஞ்சத் தண்ணியில நனைச்சாரு, அவனை வீட்டுக்குப் போகச் சொன்னாரு. அப்புறம் அவனை யாரும் வேலைக்கு வைக்கலை. மீன் கூடை தூக்கப் போயிட்டான்.

நான் யாரையாவது தாண்டாதேன்னு சொன்னேனா? சொல்லலை. துரை சொன்னதை அப்படியே தமிழ்ல சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டலை, ஒரு வார்த்தை குறைக்கலை. போக இஷ்டப்படறவங்க நூலைத் தாண்டி வாங்கன்னு சொன்னேன்.

ஒருத்தன் அசையலை ஆசாரி. எட்டுப் பேரும் மூட்டையைத் தோள்ல வச்சுக்கிட்டு நூலையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. வெயில் ஏறிக்கிட்டே போகுது. துரைக்கு ஆச்சரியம். மூட்டை கட்டிட்டு வந்துட்டு ஏன் வரமாட்டேங்கறாங்கன்னு கேட்டாரு. என் கூட இருக்கறதுன்னா அவங்களுக்கு அவ்வளவு இஷ்டம்னேன். பொய்யா அது? என் கூட வந்தவங்கதானே.

அருளப்பன் மட்டும் ரெண்டு எட்டு முன்னாடி வந்தான். நூலுக்கு ஊர்ப்பக்கமாவே ஒரு விரக்கடை விட்டுக் கால் கட்டைவிரலை வச்சு நின்னான். நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கலை. என் கையைப் பார்த்தான். நூலைப் பிடிச்சிருந்த கையை. மெதுவா, எனக்கு மட்டும் கேட்கற மாதிரி சொன்னான்.

"மச்சான். நூலு."

அவ்வளவுதான் சொன்னான். இறக்கு மச்சான்னுதான் அர்த்தம், அது எனக்குத் தெரியாம இல்ல. துரை என்னா சொல்றான்னு கேட்டாரு. நான், "நூல் நேரா இருக்குதுன்னு சொல்றான்"னேன். துரை சிரிச்சாரு. துரையோட எழுத்தர், இருக்கறவங்கன்னு எட்டுப் பேர் பேரையும் எழுதிக்கிட்டாரு.

ஏன் இறக்கலைன்னு கேட்கறீங்க. துரை பார்த்துக்கிட்டிருக்காரு, எப்படி இறக்கறது? கட்டினவனே இறக்கினா, அப்ப எதுக்குக் கட்டினேன்னு கேட்க மாட்டாரா? அதோட, நான் என்னா நாலு பக்கமும் அடைச்சா வச்சிருந்தேன்? அந்தப் பக்கம் பாறை, சரி. இந்தப் பக்கம் தண்ணிதானே. எனக்குப் பின்னால முழங்கால் தண்ணியில இறங்கிச் சுத்திக்கிட்டு வந்திருக்கலாம். வழக்கத்துக்கும் பங்கமில்ல. எட்டுப் பேர்ல ஒருத்தனுக்கு அது தோணலையே, அதுக்கு நான் என்னா பண்ணுவேன்?

மறுநாள் உச்சி வெயில்ல அருளப்பன் என்கிட்ட வந்தான். நான் சாந்து பார்த்துக்கிட்டிருந்தேன். கப்பல் இன்னும் தண்ணி பிடிச்சுக்கிட்டு நிக்குது, மூணு நாள் இருக்குது, நீ போய்த் துரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லு மச்சான்னான். மத்தவங்க இருக்கட்டும், என்னை மட்டும் விடச் சொல்லு, நான் பார்க்காத குழந்தைன்னான். இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல. எனக்கும் மனசு கேட்கலை. பின்னே, தங்கச்சி புருஷனாச்சே. கையைக் கழுவிட்டு நேரா துரை வீட்டுக்குப் போனேன். சத்தியமா போனேன் ஆசாரி.

துரை சாப்பிட்டுக்கிட்டிருந்தாரு. என்னைப் பார்த்ததும் எழுந்திருச்சாரு. நாற்காலியை இழுத்துப் போட்டாரு. எனக்கு. நீங்க வெள்ளைக்காரன் முன்னாடி நாற்காலியில உட்கார்ந்திருக்கீங்களா? என் அப்பன் உட்கார்ந்ததில்ல, என் பெரியப்பா உட்கார்ந்ததில்ல, அந்தப் பெரியப்பா மகன் இன்னிக்கும் வாசல்ல நின்னுதான் பேசறான். உட்கார்ந்தேன். கண்ணாடிக் கோப்பையில சாராயம் ஊத்தித் தன் கையால கொடுத்தாரு. உன் ஆளுங்க மாதிரி விசுவாசமான ஆளுங்களை நான் பார்த்ததில்லன்னாரு. அப்புறம் ஒரு தொப்பி எடுத்துக் கொடுத்தாரு, அதோ உள்ள ஆணியில மாட்டியிருக்கே, அதுதான். அந்த நேரத்துல போய், அதுல ஒருத்தன் போகணும்கறான்னு எப்படிச் சொல்றது? நீங்களா இருந்தாலும் வாய் வந்திருக்காது.

திரும்பி வந்தேன். காளவாய் ஓரத்துல காத்துக்கிட்டு நின்னான். தொப்பியைப் பார்த்தான். "துரை முடியாதுன்னுட்டாரு மாப்பிள்ளை"ன்னேன்.

கேட்டிருந்தாலும் முடியாதுன்னுதான் சொல்லியிருப்பாரு. அப்புறம் அதுல பொய் எங்க இருக்குது?

அவன் திரும்பிப் போய்க் கரணையை எடுத்துக்கிட்டான். அந்த மூணு நாளும் ஆஸ்பத்திரி தெக்குச் சுவர்ல வேலை செஞ்சான். போய்ப் பாருங்க அந்தச் சுவரை. இந்தத் தீவுலயே நேரான சுவர் அதுதான்.

நாலாம் நாள் காலையில கப்பல் பாய் விரிச்சுது. நான் சாரத்து மேல நின்னுக்கிட்டிருந்தேன். கீழ பார்த்தா அருளப்பன் சுவர்லேருந்து இறங்கிப் போறான். கரணையைக் கழுவி, துடைச்சு, சுவர் மேல வச்சுட்டுப் போறான். அன்னிக்கு நூல் கட்டினோமே, அந்த இடத்துக்குப் போனான். முளை அப்படியே இருந்துது, நூல் இல்ல. நூல் என் மடியில. இருந்தாலும் அவன் நேரா போகலை. நான் நின்னேனே, தண்ணி ஓரம், அந்த இடத்தைச் சுத்திக்கிட்டு, கடல்ல இறங்கி, படகு நின்ன திசையில நடந்தான். முழங்கால் வந்துது, இடுப்பு வந்துது. அப்புறம் கையை அடிச்சான். ஆசாரி, அவனுக்கு நீந்தத் தெரியாது. கொத்தர் தெருக்காரன், குளத்துல கூடப் படியில உட்கார்ந்து சொம்புல மொண்டு குளிக்கறவன்.

கத்தினேன். சாரத்து மேலேருந்து என்னால முடிஞ்ச மட்டும் கத்தினேன். அவன் திரும்பிப் பார்க்கலை. நான் இறங்கி ஓடறதுக்குள்ள கப்பல் பாறை தாண்டிப் போயிடுச்சு. தண்ணி மேல ஒண்ணும் இல்ல.

ரெண்டு நாள் கழிச்சுப் பாறை வெட்டப் போன மலகாசிக்காரன் ஒருத்தன் தூக்கிட்டு வந்தான். முதுகுல போட்டுக்கிட்டு வந்தான், சுண்ணாம்புக் கல்லு கொண்டாரற மாதிரி. என் முன்னாடி மெதுவா இறக்கி வச்சுட்டு, அருளப்பன் தலையை ஒரு தரம் தொட்டுட்டுப் போயிட்டான்.

நான் விட்டுடலை. ஓடைக்கு அந்தப் பக்கம் நானே குழி தோண்டி, நானே கல்லு வச்சுக் கட்டினேன். மூணு தரம் அரைச்ச சாந்து, முப்பது ஆமை முட்டை. தேய்ச்சுத் தேய்ச்சு, குனிஞ்சா முகம் தெரியற மாதிரி. துரைக்குக்கூட அப்படி ஒரு பூச்சு பூசினதில்ல நான். வாங்க, காட்டறேன். பேர் வெட்டலை. வெட்டினா கப்பல்ல வர்றவன் போறவன் படிச்சுட்டு ஊருல போய்ச் சொல்லிடுவான் இல்ல?

மத்த ஏழு பேரும் அதுக்கப்புறம் என்கிட்ட வேலையைத் தவிர வேற பேசறதில்ல. ரெண்டு பேர் செத்துட்டாங்க. அஞ்சு பேர் இருக்காங்க, அவங்க ரெண்டாவது மூணு வருஷமும் போன வருஷம் முடிஞ்சுது. கப்பல் வந்துது. யாரும் போகணும்னு கேட்கலை. கேட்டா நான் விடமாட்டேனா?

ஆக, அதுதான் நடந்தது. இப்ப நீங்க என்னா சொல்லி அனுப்பணும்னா, அருளப்பன் சுகம். மேஸ்திரி வாயாலயே கேட்டேன், சுகம்னு சொல்லுங்க. ஆஸ்பத்திரி முடியலை, முடிஞ்சதும் வருவான்.

அப்படிப் பார்க்காதீங்க. செத்துட்டான்னு சொன்னா அவ என்னா கேட்பா? எப்படின்னு கேட்பா. கடல்லன்னா, கொத்தன் கடலுக்கு எதுக்குப் போனான்னு கேட்பா. அவ விடமாட்டா, சின்ன வயசுலேருந்து அப்படித்தான், ஒண்ணைப் பிடிச்சா அடி வரைக்கும் தோண்டுவா. இருக்கான்னா காத்துக்கிட்டிருப்பா. மிக்கேலுக்கு வேற பொண்ணு கிடைக்காமலா போகும்? புருஷன் வருவான்னு ஒருத்தி காத்திருக்கறது கௌரவம்தானே. நெல்லு குத்தினா என்னா, எத்தனையோ பேர் குத்தறாங்க. நான் எது சொன்னாலும் நம்புவேன்னு சொல்லி அனுப்பியிருக்கா பாருங்க, அதை நினைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்குது ஆசாரி. அந்த வார்த்தையை அவ சொல்லாம இருந்திருக்கலாம்.

சரி, அதை விடுங்க. உங்க கூட வந்ததுல கொத்தர் எத்தனை பேர்? ஆறா? நம்ம தெருக்காரங்களா? ரெண்டு வருஷம்னு சொல்லித்தானே கூட்டியாந்தாங்க? இப்ப வந்திருக்கற புதுத் துரைக்கு அஞ்சு வருஷம் வேணும். கோட்டைச் சுவர் எடுக்கப் போறாரு. பயப்படாதீங்க, இவரும் வலுக்கட்டாயம் பண்றவரில்ல. நாளைக்குக் காலையில கடற்கரைக்கு எல்லாரையும் வரச் சொல்லியிருக்காரு. இஷ்டமில்லாதவங்க இதே கப்பல்ல திரும்பிப் போகலாம். நூல் நான்தான் கட்டணும். நேராக் கட்டறதுக்கு இந்த ஊருல வேற யார் இருக்கா? என் பழைய நூல் இத்துப் போச்சு, நடுவுல ரெண்டு முடிச்சு விழுந்திருக்குது, முடிச்சு விழுந்த நூலைத் துரை முன்னாடி எப்படி எடுக்கறது? நல்ல வேளை, இது வந்துது.

என்னா முறுக்கு பாருங்க. என் தங்கச்சி கையாச்சே. மாப்பிள்ளைக்குன்னு அனுப்பினதுதான், இல்லங்கலை. அவன் இருந்தா எனக்குக் கொடுக்கமாட்டேன்னா சொல்லப்போறான்? கொஞ்சம் இழுத்துப் பார்த்துடலாம், தொய்யுதா என்னான்னு. இந்தச் சாரத்துக் கம்புல ஒரு முனையைக் கட்டறேன். நீங்க சிரமப்படாதீங்க, இன்னொரு முனை என் கையில இருக்கட்டும். பார்த்தீங்களா? சுண்டினா தந்தி மாதிரி நிக்குது. நாளைக்கு இதுதான்.

ஏன் எழுந்துட்டீங்க? கஞ்சி குடிச்சுட்டுப் போகலாம், உட்காருங்க. கப்பலுக்கா? கப்பல் கிளம்ப இன்னும் நாலு நாள் இருக்குது, இப்பவே என்னா? யாரைப் பார்க்கணும்? அந்த ஆறு பேரையா? அவங்ககிட்ட நீங்க என்னா பேசப்போறீங்க, அது கொத்தர் விவகாரம். ஞானப்பூவுக்கு நான் சொன்னதைத்தானே சொல்லி அனுப்பப் போறீங்க? ஆசாரி, நான் சொன்னதைத்தானே?

அந்தப் பக்கம் போகாதீங்க, நூல் கட்டியிருக்குது. சுத்திப் போங்க. இருங்க, நான் இறக்கறேன், கொஞ்சம் இருங்க.

தாண்டிட்டீங்களே.

ஒரு எட்டுதான். இவ்வளவுதான். இதை அவன் வச்சிருக்கக் கூடாதா ஆசாரி? இந்த ஒரு எட்டை வச்சிருந்தா ஊருல இருந்திருப்பான், அந்தப் பொண்ணைத் தூக்கி வச்சிருப்பான். நான் என்னா, பிடிச்சா வச்சிருந்தேன்?